நீள நாக்கு

மஸ்தான் பாய் கடையில் அன்றைக்குப் பம்புசெட்டு வேலை எதுவும் நடக்கவில்லை. செங்கம் ரோட்டில் போகிறவர் வருகிறவர் எல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். உள்ளே கோணிமேல் இரண்டு மிஷின்கள் கிடந்தன. மரம் அறுக்கிற மிஷின். ஏற்காட்டுப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்து, மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து பாய் தூக்கிக்கொண்டு வந்தவை. ஒன்று பெரியது, இன்னொன்று அதற்குத் தம்பி. எங்கள் ஊரில் அதுவரை மரத்தைக் கோடாலியாலும் இரண்டாள் இழுக்கிற ரம்பத்தாலும்தான் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அப்போது வட ஆற்காடு மாவட்டம். எதுவானாலும் வேலூருக்கு வந்து பழசான பிறகுதான் திருவண்ணாமலைக்கு வரும். இந்த ஒன்றில் வேலூரை முந்திவிட்டோம் என்று டீக்கடையில் பெருமை பேசியவர்களும் உண்டு.

வாங்க வந்தவன் தருமன். மரம் வெட்டுகிற கூட்டத்துக்குத் தலையாள். கூட வந்திருந்தவள் அவன் மனைவி பாஞ்சாலை. திரௌபதியம்மன் கோயிலும் பாரதக் கூத்தும் இல்லாத ஊர் எங்கள் பக்கம் குறைவு என்பதால் இந்தப் பேர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் தருமனும் பாஞ்சாலையும் அமைந்துபோனதில் அவர்கள் சந்துக்கே கொண்டாட்டம். "மீதி நாலு பேரு எங்கடி?" என்று குழாயடியில் கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துவிட்டது. மூன்றாவதாக நின்றவன் அவள் தம்பி ராஜமாணிக்கம்.

மிஷின் வாங்குகிற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று வேடிக்கை பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவளுக்கு வேலை இருந்தது. அவள் அப்பன் சின்னசாமியும் மரம் வெட்டிதான். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு வேங்கை மரம், விழ வேண்டிய பக்கம் விழாமல் திரும்பி விழுந்ததில் போய்ச் சேர்ந்தார். அப்போது ராஜமாணிக்கம் சுவரைப் பிடித்து நடக்கிற பிள்ளை. அவனை வளர்த்து ஆளாக்கியது பாஞ்சாலை. இப்போது புருஷனும் தம்பியும் ஒரே மரத்தடியில் வேலை பார்த்தார்கள். காலையில் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டு, அவர்கள் சந்துமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நிற்பாள். குழந்தை குட்டியும் இல்லை. அந்த இரண்டு பேர்தான் அவளுக்கு எல்லாம்.

"பாய், இதுல எது நல்லது?" என்றான் தருமன்.

"நல்லது கெட்டதுன்னு இல்ல தருமா. நீ இன்னா மரம் அறுக்கப்போற, அதச் சொல்லு. இஞ்சின அப்புறம் பாக்கலாம். மொதல்ல பாரைப் பாரு."

"கடப்பாறையா பாய்?" என்றான் ராஜமாணிக்கம்.

பாய் வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். "கடப்பாறை இல்லடா. தோ, பட்டையா நீட்டிக்கினு கீதே, இந்த இரும்பு. இதச் சுத்தித்தான் செயின் ஓடும். இதுக்குப் பேரு பார்."

"நாக்கத் தொங்கப்போட்ட மாதிரி கீது."

அன்றைக்கு வைத்த பேர்தான். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அது நாக்குத்தான். பாயே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"சரி, நாக்குன்னே வெச்சிக்க. பெரிய இஞ்சினுக்கு நீள நாக்கு, சின்ன இஞ்சினுக்குக் குட்டை நாக்கு. சின்னதுல நீளத்த மாட்டினா இழுக்க மாட்டாம முக்கும், செயின் சூடேறிப் பொகையும். நாக்கு நுனி கீது பாரு, இத மட்டும் மரத்துல முட்ட வுடாத. முட்டுச்சின்னா துள்ளி உன் மூஞ்சிக்கே வரும். நீளம் ஜாஸ்தியான நாக்குல நுனி அந்தப் பக்கம் எங்க கீதுன்னே உனக்குத் தெரியாது."

"மூஞ்சிக்கு வந்தா நிறுத்தறதுக்கு பிரேக்கு கிடையாதாங்க?" என்றாள் பாஞ்சாலை.

பாய் அவளைத் திரும்பிப் பார்த்தார். "சின்னதுல கீதும்மா. பெருசுல இருந்த பிரேக்க எஸ்டேட்டுக்காரன் கழட்டிப் போட்டுட்டான்."

அந்த நேரம் பார்த்து ஆதிமூலம் புல்லட்டில் வந்து இறங்கினார். அவர்தான் மரக் காண்ட்ராக்டர். ரோட்டை அகலப்படுத்த செங்கம் ரோட்டுப் புளியமரங்களை ஏலம் விட்டபோது எடுத்தவர். மிஷினுக்குப் பணம் கட்டுகிறவரும் அவர்தான், தருமன் கூலியில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு.

"இதுல யோசிக்கறதுக்கு இன்னா கீது? பெருச எடு தருமா. ஆலமரமாட்டம் நிக்கிது ஒண்ணொண்ணும். குட்ட நாக்க வெச்சிக்கினு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதின்னு மரத்தச் சுத்திச் சுத்தி வருவியா? நீளமா இருந்தா ஒரே எடத்துல நின்னு சர்ருனு இழுத்தா முடிஞ்சிது."

"சுத்தி வந்தாத்தான மொதலாளி அந்தப் பக்கம் யாரு நிக்கிறாங்கன்னு தெரியும்?" என்றாள் பாஞ்சாலை.

"அதுக்குத்தான் சத்தம் குடுக்கறாங்களேம்மா."

மரம் சாய்ப்பதில் எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு முறை இருந்தது. சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் வெட்டுவார்கள். மரத்தின் மேலே வடம் கட்டி, அந்தப் பக்கம் தூரத்தில் ஆட்கள் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பின்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வருவது. மரம் இனித் தாங்காது என்கிற கட்டத்தில் அறுக்கிறவன் கையை நிறுத்திவிட்டு, "அண்ணாமலைக்கு..." என்று குரலெடுப்பான். வடம் பிடிக்கிறவர்களில் தலைவன் மரத்தடியில் ஒரு உயிரும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு "அரோகரா!" என்பான். இதற்குத்தான் சத்தம் கொடுப்பது என்று பேர். அரோகரா வராமல் கடைசி வெட்டு விழாது. தருமன் கூட்டத்தில் அதைச் சொல்கிறவன் ராஜமாணிக்கம். சாமி பேரில் வைத்த முறை என்பதால் யாரும் விளையாட்டுக்குக்கூட அதை மீறியதில்லை.

"கோடாலின்னா நிறுத்தினா சத்தம் நின்னுடும். இது நிறுத்தினாலும் உறுமிக்கினே இல்ல கீது?" என்றாள் பாஞ்சாலை. "அந்த உறுமல்ல இவங்க கத்தறது கேக்குமா, கேக்காதா? சுத்தி வந்து ஒருதரம் கண்ணால பாத்துட்டா எனக்கு நிம்மதி. குட்டையே எடுத்துக்கங்க."

கடைசி வார்த்தை தருமனுக்கு. அவன் இரண்டையும் தூக்கிப் பார்த்தான். பெரியதைத் தூக்கியபோது அவன் முகம் மலர்ந்ததை எல்லாரும் கவனித்தார்கள். ஆனாலும் சின்னதைத்தான் எடுத்தான். "பொண்டாட்டி கை காட்டினத எடுக்கறதுக்கு என்னை எதுக்குய்யா வரச் சொன்ன?" என்று ஆதிமூலம் புல்லட்டை உதைத்தார். பெரியதைத் தன் கணக்கில் வாங்கித் தன் குடோனில் போட்டு வைத்தார். எப்படியும் அது தேவைப்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மிஷின் வந்த பிறகு பாஞ்சாலையின் பகல்கள் கெட்டுப்போயின. அவர்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து மலைப்பக்கம் ஒதுங்கிய சந்தில். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளும் அவளும் மண்டியிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து உரிப்பார்கள். ஆசிரமத்துப் பக்கம் மரம் அறுத்தாலும் சரி, அத்தியந்தல் தாண்டி அறுத்தாலும் சரி, மிஷின் சத்தம் மலையில் மோதி அவள் காதுக்கு வந்துவிடும். கோடாலிச் சத்தம் அப்படி வந்ததில்லை. அதனால் அந்த நாட்களில் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது, அது ஒருவகையில் நல்லதாக இருந்தது. இப்போது சத்தம் ஓடினால் பயம், நின்றால் அதைவிடப் பயம். நின்றதும் அவள் கை மல்லாட்டையோடு அப்படியே நின்றுவிடும். மறுபடி உறுமல் கேட்டால்தான் தோல் உடையும்.

"உம் புருசன் மிஷின நிறுத்திட்டு பீடி பத்த வெச்சிருப்பாண்டி" என்பாள் வெள்ளையம்மாள். "நீ ஏன் எழவு வூட்டுல உக்காந்திருக்கற மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு கீற?"

"தெரியும்க்கா. மனசு கேக்க மாட்டுது."

தருமனுக்கு மிஷின் பிடித்துப்போயிற்று. காலையில் பெட்ரோலில் ஆயிலைக் கலக்கி ஊற்றுவதும், சாயங்காலம் புறக்கடைக் கல்லில் உட்கார்ந்து செயினின் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் தீட்டுவதுமாக, புது மாட்டைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டான். மிஷினோடு குரலும் வந்துவிட்டது என்று ஊரில் கேலி. டீக்கடையில் பக்கத்தில் இருப்பவனிடம் பேசினால் எதிர்ச்சாரிக்குக் கேட்கும். "இப்ப மிஷின்காரன் ஆயிட்டாரில்ல, மெதுவாப் பேசுவாரா?" என்றார்கள். வீட்டிலும் அப்படித்தான். அவள் அடுப்படியிலிருந்து, "கொழம்புல உப்பு பத்துதா?" என்று கேட்டால், "அவன் அப்பவே போயிட்டானே" என்பான். ராஜமாணிக்கம் புரையேறச் சிரிப்பான். பாஞ்சாலையும் சேர்ந்து சிரிப்பாள். எல்லாருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷக் கார்த்திகையும் வந்தது. குட்டை நாக்கை வைத்துக்கொண்டு தருமன் சுற்றிச் சுற்றி அறுத்ததில் சின்ன மரங்கள் எல்லாம் தீர்ந்து, தடித்த மரங்கள் மட்டும் ரோட்டோரம் மிஞ்சி நின்றன. கோயிலில் கொடி ஏறிவிட்டது. தீபத்துக்குள் பஸ் போகிற வழி சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆபீசர்கள் ஆதிமூலத்தை நெருக்கினார்கள். மழை வேறு விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் குடோனிலிருந்த பெரிய மிஷினை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு தருமன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தருமா, சின்னத மூட்டை கட்டி வையி. நாளையிலருந்து இதான். தீபத்துக்குள்ள எல்லா மரமும் படுத்தாவணும். உன்னால முடியலன்னா சொல்லு, செங்கத்துல ஒருத்தன் ரெடியாக் கீறான்."

தருமன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போதெல்லாம் யார் பேசினாலும் அப்படித்தான் பார்ப்பான். "நாளைக்கே போட்டுடலாம் மொதலாளி" என்றான் உரக்க.

அன்றைக்குக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும். பாஞ்சாலை களி உருண்டையைத் தட்டில் வைத்தாளே தவிரக் கையை எடுக்கவில்லை.

"அது வேணாங்க. மொதலாளியாண்ட போயி முடியாதுன்னு சொல்லிடுங்க."

"இன்னாமே?"

"பெரிய மிஷின் வேணான்றேன்!"

"கத்தாத. காது கேக்கிது" என்றான் தருமன். "நான் இன்னா சின்னப் புள்ளையா? ஒண்ணரை வருசமா மிஷின் புடிக்கிறேன். பெருசுக்கும் சின்னதுக்கும் நாக்குதான் வித்தியாசம்."

"அந்த நாக்குதாங்க எனக்குப் பயம். மரத்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கினே அறுத்து முடிச்சிடுவீங்க. அந்தப் பக்கம் என் தம்பி நிக்கிறானா, போயிட்டானான்னு எப்படித் தெரியும்?"

"அக்கா, நான் இன்னா மரத்தடியில படுத்தா தூங்கப்போறேன்?" என்றான் ராஜமாணிக்கம். "வடத்துகிட்டதான் கீறேன். நான் அரோகரான்னு சொன்னாத்தான் மாமா கையே வைப்பாரு. இத்தினி மரம் சாய்ச்சிருக்கோம். ஒருநாளாச்சும் தப்பியிருக்குதா?"

"நம்ம அப்பா சாய்க்காத மரமாடா?"

தருமன் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் கோபமில்லை. செங்கத்து ஆளுக்கு வேலை போய்விட்டால் மறுபடி யாரிடம் போய் நிற்பது என்கிற பயம் அவனுக்கும் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை, பாஞ்சாலைக்குத் தெரியும். அதனால்தான் அவளும் இன்னொரு உருண்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். படுத்தபிறகும் கண்ணை மூடினால் ஒரு மரம் வந்து நின்றது, அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

மறுநாள் வானம் மூடிக் கிடந்தது. மலை உச்சியில் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. சந்துவரை கேட்ட பெரிய மிஷினின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. சின்னது கீச்சென்று அழும், இது அடித்தொண்டையில் உறுமியது. பாஞ்சாலை மல்லாட்டையில் உட்காரவேயில்லை. கேழ்வரகுக் கூழைத் தூக்குவாளியில் ஊற்றி, மேலே வெங்காயமும் ஊறுகாய் மிளகாயும் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"அதுக்குள்ள கூழா? இன்னும் வெயிலே வரலியே" என்றாள் வெள்ளையம்மாள்.

"இன்னிக்கு வெயில் வராதுக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

செங்கம் ரோட்டில் திருவிழாக் கூட்டம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலைகள், மஞ்சள் துணி, தோளில் பிள்ளைகள். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் யாராவது "அண்ணாமலைக்கு" என்பார்கள், மொத்தக் கூட்டமும் "அரோகரா" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கும். ஈரக் காற்றில் அந்தக் குரல் கேட்க அவளுக்கு இதமாகத்தான் இருந்தது. அப்பனே அண்ணாமலையாரே, ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பிடுப்பா என்று வேண்டிக்கொண்டே போனாள்.

அந்தப் புளியமரம் ஒரு வளைவில் நின்றது. பின்னால் மலையைப் பார்த்த புறம்போக்கு, முன்னால் ரோடு. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கக் கொல்லையில் வடத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள். ஒருவன் சிவப்புத் துணியைக் காட்டி ரோட்டில் வருகிறவர்களை மறித்து நிறுத்தியிருந்தான். பாஞ்சாலை மலைப்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் வந்ததால், தருமனின் முதுகுதான் முதலில் தெரிந்தது. மரத்தின் அடி அவனைப்போல் மூன்று பேர் நின்றாலும் மறைக்கிற தடிமன். அவன் கால்களை அகட்டி நின்று நீள நாக்கை மரத்துக்குள் பாதிக்குமேல் செருகியிருந்தான். மரத்தூள் ஈரத்தோடு அவன் முழங்கால்வரை ஒட்டியிருந்தது.

அவள் நின்ற இடம் கொஞ்சம் மேடு. அங்கிருந்து மரத்தின் இரண்டு பக்கமும் தெரிந்தது. ஈர வடம் ரோட்டோர மைல்கல்லில் போய் மாட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அந்தப் பக்க ஆட்கள் இழுக்கிறார்கள், வடம் வரவில்லை. "இருங்கடா, நான் எடுத்து வுடறேன்" என்று ராஜமாணிக்கம் வடத்தை விட்டுவிட்டு ஓடி வந்தான். மைல்கல் மரத்தின் நேர் கீழே. அவன் குனிந்து வடத்தைக் கல்லிலிருந்து கழற்ற ஆரம்பித்தான்.

தருமன் மிஷினை அடக்கினான். அது சும்மா உறுமிக்கொண்டிருந்தது. அவன் தலையை நிமிர்த்தி, ரோட்டைப் பார்த்துக் குரலெடுத்தான்.

"அண்ணாமலைக்கு..."

ராஜமாணிக்கம் குனிந்தபடியே, "இரு மாமா, இரு இரு!" என்று கத்தினான். அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் சிவப்புத் துணிக்கு அந்தப்புறம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த திருவிழாக் கூட்டம், அண்ணாமலைக்கு என்று ஒரு குரல் வந்தால் உலகத்தில் யாரும் செய்கிறதைச் செய்தது. ஆணும் பெண்ணும் பிள்ளையும் கையைத் தலைக்குமேல் தூக்கி, "அரோகரா!" என்றார்கள்.

பாஞ்சாலை, "நிறுத்துங்க!" என்று அலறினாள். "ஐயோ, நிறுத்துங்க! மாணிக்கம் அடியில கீறான்! நிறுத்துங்க!" கூழ்த்தூக்கு அவள் கையிலிருந்து விழுந்து சரிவில் உருண்டது. அவள் ஓடினாள். புருஷனின் முதுகு பத்தடியில் வந்துவிட்டது. மிஷின் இன்னும் அடங்கித்தான் இருந்தது. அவன் திரும்பவில்லை. தோளை இறக்கி, விசையை அமுக்கி, நாக்கை உள்ளே தள்ளினான்.

மரம் முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு அடியில் படபடவென்று முறிந்தது. உச்சி மெல்ல நகர்ந்தது. ராஜமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தான். ஓட நேரமில்லை. ரோட்டோரம் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்த பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தான். அவன்மேல் மரம் முழுதாக வந்து படுத்தது. தரை அதிர்ந்து, மழைத்துளி எல்லாம் இலையோடு கொட்டியது. கூட்டம் கத்திய கத்தலில் குழந்தைகள் வீறிட்டன.

பாஞ்சாலை இலைகளுக்குள் புகுந்து கையாலேயே கிளைகளை ஒடித்தாள். "மாணிக்கம்! டேய் மாணிக்கம்! எங்கண்ணு!" வடம் பிடித்தவர்களும் திருவிழாவுக்கு வந்தவர்களும் கோடாலியோடும் கையோடும் சேர்ந்தார்கள். தருமன் மிஷினைத் தரையில் போட்டுவிட்டுக் கீழே விழுந்து எழுந்து ஓடி வந்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு அப்போதும் புரியவில்லை. பள்ளத்தில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை அசைந்ததை யாரோ பார்த்தார்கள். பெரிய கிளை இரண்டு பள்ளத்தின் இரண்டு கரையிலும் தாங்கி நின்றதால் நடுவில் ஓர் ஆள் கிடக்க இடம் இருந்தது. இழுத்து வெளியே போட்டபோது ராஜமாணிக்கம் சேற்றைத் துப்பிவிட்டு, "தோளு... தோளத் தொடாதீங்க" என்றான். அவள் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் சந்து முழுக்க வீட்டு வாசலில் கூடிவிட்டது. அண்ணாமலையார்தான் கை வைத்துத் தாங்கினார் என்றார்கள் பாதிப் பேர். "அரோகராவையும் அவருதான் சொல்ல வெச்சாரு, புள்ளையையும் அவருதான் காப்பாத்தினாரு" என்றாள் வெள்ளையம்மாள். தப்பு யார்மேலும் இல்லை என்று முடிவாயிற்று. திருவிழா நாளில் அந்தச் சத்தத்தை வைத்து வேலை செய்தது பிசகு, இனிமேல் விசில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆதிமூலம் சொன்னார்.

தருமன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "அரோகரான்னு சத்தம் வந்துச்சு. என் காதால கேட்டேன். இல்லன்னா வெப்பேனா? எம் புள்ள மாதிரி வளத்தவன்மேல வெப்பேனா?"

"உங்கமேல யாருங்க குத்தம் சொன்னாங்க?" என்றாள் பாஞ்சாலை அவன் முன்னால் உட்கார்ந்து. "நான் பின்னால வந்து கத்தினேனே, அது கேக்கலியா?"

"மிஷின் ஓடறப்ப எப்படிமே கேக்கும்?"

"அப்ப அடங்கித்தான இருந்துச்சு. அவங்க அரோகரான்னப்பதான நானும் கத்தினேன்."

"அவங்க இன்னா ஒருத்தரா ரெண்டு பேரா? அத்தினி பேரு. எல்லாக் கையும் ஒண்ணா மேல போச்சே, நான் பாத்தேனே. அரோகரான்னுதான கைய தூக்குவாங்க."

ஜனம் வந்தது, போனது. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். எல்லாக் கையும் ஒன்றாக மேலே போனதை அவன் சொன்ன விதம் மட்டும் அவளுக்குள் நின்றுவிட்டது. அவள் அலறியது கூப்பிடு தூரத்துக்குள், முதுகுக்குப் பின்னால். கூட்டம் நின்றது சிவப்புத் துணிக்கு அந்தப்புறம், அவன் கண்ணுக்கு முன்னால். உப்பு பத்துதா என்று கேட்டதும் அவன் சொன்ன பதிலும், ஆதிமூலத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் ஒவ்வொரு மரத்துக்கும் அவன் எதைக் கேட்டு நாக்கை உள்ளே தள்ளினான் என்று நினைத்தபோது அவள் ஆற்றிக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். இல்லை, அப்படி இருக்காது, பயத்தில் எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆதிமூலம் மறுபடி வந்தார். ராஜமாணிக்கத்துக்கு ஆப்பிளும் ரொட்டியும் கொடுத்தார். போகிறபோது தருமன் தோளைத் தட்டி, முகத்துக்கு நேராகக் குனிந்து, "நாளைக்குக் கீழ்பென்னாத்தூர்லருந்து புது ஆளுங்க வர்றாங்க. வடம் அவங்க பாத்துப்பாங்க. நீ மிஷினை மட்டும் புடி" என்றார். தருமன் தலையாட்டினான். உள்ளே பாயில் கிடந்த தம்பியைப் பார்த்தாள் பாஞ்சாலை. வரப்போகிற புது ஆட்களுக்கும் அக்காவோ அம்மாவோ இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். தருமன் புறக்கடைக் கல்லில் உட்கார்ந்து, நீள நாக்கை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு செயினின் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தான். மரத்தில் ஆணி ஏதோ இருந்திருக்க வேண்டும், பற்கள் மழுங்கியிருந்தன. மழை விட்டிருந்தது. சந்தில் ஒரு சத்தமும் இல்லை. அரம் உரசுகிற மெல்லிய கிரீச்சைத் தவிர வேறெதுவும் இல்லை.

பாஞ்சாலை அடுப்படி நிலையில் வந்து நின்றாள். அவன் முதுகு கைக்கு எட்டுகிற தூரம்.

"ஏங்க" என்றாள்.

அரம் உரசியது.

"இந்தாங்க. உங்களத்தான்."

அவன் அரத்தை உதறித் தூளைத் தட்டிவிட்டு அடுத்த பல்லுக்குப் போனான்.

எங்கள் பக்கத்தில் கட்டினவன் பேரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். பாஞ்சாலை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பேர் அவள் நாவில் வந்ததில்லை. அவள் நிலைப்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"தருமா" என்றாள்.

உள்ளே பாயில் ராஜமாணிக்கம் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தான்.

"தருமா!" இந்தத் தடவை கத்தினாள். "டேய் தருமா!"

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் வெள்ளையம்மாளின் தலை தெரிந்தது. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, இன்னாடி ஆச்சி உனக்கு?" என்றாள். பாஞ்சாலையின் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் படியிறங்கி, கல்லைச் சுற்றிக்கொண்டு போய் அவனுக்கு முன்னால் நின்றாள்.

தரையில் அவள் காலைப் பார்த்துத் திடுக்கிட்டு நிமிர்ந்தான் தருமன். அவளைக் கண்டதும் சிரித்தான்.

"இன்னாமே, பூனையாட்டம் வந்து நிக்கிற" என்றான் உரக்க. "ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"